மயானத்தில் சாய்ந்த மரங்களை அகற்றும் பணி: முதல்முறை வருபவர்களுக்கு

காற்றடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் பகுதியில் எல்லோரும் முதலில் ஓடிப் பார்ப்பது தோட்டத்துத் தென்னையையும் மாட்டுக் கொட்டகையின் கூரையையும்தான். மயானத்தை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஊரில் அடுத்த சாவு விழும்போதுதான், பாடையைச் சுமந்து வந்தவர்கள் பாதை நடுவே புளியமரம் படுத்துக் கிடப்பதைக் கண்டு திகைத்து நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். அவசரமாக இரண்டு செயின்சாக்களை வரவழைத்து, அரை மணி நேரத்தில் அறுத்துத் தள்ளி வழி திறந்தோம். பாடை போயிற்று. மறுநாள் திரும்பப் போய்ப் பார்த்தபோது, நாங்கள் உருட்டிவிட்ட அடிமரத்தின் கீழே மூன்று பழைய சமாதிகள் நொறுங்கிக் கிடந்தன. ஒன்றில் விளக்கு வைக்கும் மாடக்குழி மட்டும் உடையாமல் இருந்தது. அதன் உட்சுவரில் எண்ணெய்ப் புகை படிந்த கருமை. யாரோ ஒருவர் பல ஆண்டுகள் வந்து விளக்கேற்றிய இடம் அது. அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அதன் பிறகுதான் இதை முறையாகச் செய்ய வேண்டும் என்று சிலர் கூடினோம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து ஊர்களில் அழைப்பு வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம். புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கோயில் உழவாரப் பணிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும். ஆனால் கோயிலில் கல் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மயானத்தில் அது தழைக்கு அடியில், முள்ளுக்கு அடியில், பாதி மண்ணுக்குள் இருக்கிறது. செயின்சா வைத்திருப்பவர் யாரும் மரத்தை அறுத்துவிடுவார். கீழே இருப்பது உடையாமல் அறுப்பதற்குத்தான் ஆட்கள் தேவை.

முதல் நாள் உங்கள் கையில் செயின்சா தர மாட்டோம். வருத்தப்பட வேண்டாம். மூன்று முறையாவது வந்து, கூட நின்று, மரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகுதான் யாருக்கும் அது கொடுக்கப்படும். சொந்தத் தோட்டத்தில் பத்து ஆண்டுகள் அறுத்தவருக்கும் இதே விதிதான்.

அனுமதி

ஒருங்கிணைப்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்பது. ஊர்ப் பொது மயானம் பெரும்பாலும் புறம்போக்கு நிலம். அங்கே விழுந்த மரமும் அரசுக்கு உரியது. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் எழுத்தில் சொல்லாமல் ஒரு கிளையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. சில புளியமரங்களுக்கு 2சி பட்டா என்னும் மரப் பட்டா இருக்கும். நிலம் அரசுடையது, மரத்தின் பலன் ஒரு குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்தையும் கேட்க வேண்டும். கல்லறைத் தோட்டமானால் பங்குத்தந்தை அல்லது சபை, கபரஸ்தானானால் ஜமாத்.

நிற்கும் மரத்தை நாங்கள் தொடுவதில்லை. எவ்வளவு சாய்ந்திருந்தாலும், நாளைக்கே விழும் என்று தோன்றினாலும் அது வேறு வேலை, அதற்குத் தனி அனுமதி வேண்டும். கிடப்பது சந்தன மரம் என்று சந்தேகம் வந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லிவிடுவோம். மின்கம்பி சிக்கியிருந்தால் மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்து, துண்டித்துவிட்டேன் என்று நேரில் சொல்லும்வரை அந்தப் பக்கமே போவதில்லை.

இத்தனை அனுமதிக்கும் மேலாக, எங்களுக்கு முக்கியமான ஒருவர் இருக்கிறார். குழி வெட்டும் மயானப் பணியாளர். எந்தக் குடும்பத்துச் சமாதி எங்கே, எந்த மேட்டுக்கடியில் பெயரில்லாத குழந்தைக் குழி, எந்த வரிசையில் போன ஆண்டு புதைத்தார்கள், மண் எங்கே இன்னும் இறுகவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த அலுவலகத்து வரைபடத்திலும் அது இல்லை. அவர் வராத நாளில் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை. அவர் வரும் நாளுக்கு முழுக் கூலி கொடுத்துவிடுகிறோம். தன்னார்வப் பணி நமக்குத்தான். அவருக்கு அது ஒரு நாள் பிழைப்பு. அவரை ஐயா என்றோ அண்ணா என்றோ மரியாதையாகக் கூப்பிடுங்கள். நம் ஊர்களில் அந்த மரியாதையை அவருக்குத் தராமல் போன காலம் போதும்.

நேரமும் காற்றும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்கு மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் திறப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நம் மேல் வந்து விழுகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் காற்றாலைகளைச் சுற்றுவது அதே காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்றில் விழுந்த மரம் பெரும்பாலும் கிழக்கே தலைவைத்துக் கிடக்கும். சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு வரும் சூறைக்குத் திசை கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாக, பின்னிப் பிணைந்து கிடக்கும். அவற்றைப் பிரிப்பதுதான் கடினம்.

நம் நிலத்தில் சரளை கலந்த செம்மண் மேலாக இருக்கிறது, அடியில் பாறை. வேர் ஆழம் போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவுகிறது. போதாததற்கு மயானத்தில் குப்பை கொளுத்தும் வழக்கம் மரத்தின் தூரைச் சுட்டு அரித்துவிடுகிறது. வெளியே பசுமையாக நின்ற வேம்பு விழுந்த பிறகு பார்த்தால் அடியில் கால்பங்கு கரியாக இருக்கும்.

நாங்கள் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு மெஷின்களை நிறுத்திவிடுகிறோம். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. ஆடியில் வழியடைத்துக் கிடப்பதை மட்டும் அகற்றுகிறோம், அதுவும் காற்று எழாத விடிகாலையில். அமாவாசை, ஆண்டுத் திதி நாட்களைத் தவிர்க்கிறோம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்கு முந்திய வாரங்களில் கல்லறைத் தோட்டங்களிலிருந்து அழைப்பு அதிகம் வரும்.

உடுப்பு

தடித்த அடியுள்ள மூடிய ஷூ கட்டாயம். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலுக்குள் போய் முறியும். முறிந்த நுனி வாரக்கணக்கில் சீழ் வைக்கும். முழுக்கைச் சட்டை, பேண்ட், கையுறை, கண்ணாடி. வேட்டி, தோளில் துண்டு, கழுத்துச் சங்கிலி, பறக்கும் துப்பட்டா இவை வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று யோசித்துப் பார்த்து, நினைவில்லை என்றால் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கம்மங்கூழும் மோரும் நாங்கள் கொண்டுவருகிறோம், முடிந்ததும் அரிசியும்பருப்புச் சோறு உண்டு.

பெண்கள் வரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெண்கள் மயானத்துக்குள் வரக் கூடாது என்ற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. எங்களோடு வருகிறார்கள். கல்லெழுத்து படிப்பதில் எங்கள் குழுவில் மிகக் கூர்மையான கண் ஒரு பள்ளி ஆசிரியையுடையது. ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே பேசிவிட்டு அழைத்துப் போகிறோம்; இதுவரை எந்த ஊரும் மறுத்ததில்லை.

கல்லைத் தேடுதல்

புதியவர்களின் முதல் வேலை இதுதான், மிக முக்கியமானதும் இதுதான். எந்த மெஷினும் ஓடுவதற்கு முன், விழுந்த மரத்தின் கிளைப் பரப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் மேட்டையும் கண்டுபிடித்துக் குறியிட வேண்டும்.

ஒரு நீண்ட மூங்கில் கழியை எடுத்துக்கொள்ளுங்கள். தழைக்குள் கையை விடுவதற்கு முன் கழியால் தட்டிக் கலையுங்கள். விழுந்து சில நாள் ஆன மரத்தின் அடியில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டையும் ஒதுங்கியிருக்கும், தேள் எப்போதும் இருக்கும். பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம். பின்வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, அது போக வழிவிடுங்கள். கிளைக் கவட்டில் தேன்கூடோ கதண்டுக் கூடோ தெரிந்தால் அன்றைக்கு அந்த மரம் கிடையாது. செயின்சா சத்தமே அவற்றை எழுப்பப் போதும்.

பிறகு முழங்காலில் அமர்ந்து, கையுறையோடு சருகை மெல்ல விலக்குங்கள். என்ன தேடுகிறோம் என்பது இடத்துக்கு இடம் மாறும். பழைய கல்லறைத் தோட்டத்தில் கிழக்கு மேற்காகப் படுக்கைக் கற்கள் இருக்கும். கபரஸ்தானில் வடக்குத் தெற்காகக் குழிகள் நீளும். தலைமாட்டில் எழுத்தே இல்லாத ஒரு கருங்கல் மட்டும் நடப்பட்டிருக்கலாம். ஊர் மயானத்தில் சுண்ணாம்புக் காரையால் பூசிய திண்டு, நட்டுவைத்த ஒற்றைக் கல், அல்லது வெறும் மண்மேடும் அதன்மேல் ஒரு கள்ளிச்செடியும். ஒரு கல் கிடைத்துவிட்டால் அதன் திசையைப் பார்த்து வரிசையை ஊகிக்கலாம். அடுத்தது ஆறேழு அடிக்குள் இருக்கும். கிடைத்ததைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் போட்டு, பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சியை நட்டுவிடுங்கள்.

ஒருமுறை தழைக்குள் நான் கால்வைத்த இடத்தைப் பார்த்து, வேலியோரம் நின்ற முதியவர் ஒருவர், "கண்ணு, கொஞ்சம் தள்ளி நில். அது எங்கள் அப்பாரு" என்றார், தன் தாத்தாவைச் சொல்லி. காலடியில் எனக்குத் தெரிந்தது கோழி முட்டை அளவுக்கு ஒரு கூழாங்கல் மட்டும். குனிந்து மண்ணைத் தட்டியபோது அது ஒரு நடுகல்லின் உச்சி. முழங்கால் உயரக் கல் அறுபது ஆண்டுகளில் அவ்வளவும் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து, ஊர்ப் பெரியவர் ஒருவரை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் தேடத் தொடங்குகிறோம்.

வெள்ளைக்காரர் காலத்துக் கற்களில் எழுத்தைச் செதுக்கி, பள்ளத்தில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக ஈய எழுத்துகள் கழன்று விழும். சருகைப் பெருக்கித் தள்ளினால் ஒரு மனிதனின் பெயரைப் பெருக்கித் தள்ளியதாகிவிடும். அப்படிப்பட்ட கல்லின் மேலிருக்கும் சருகைக் கையால் அள்ளிச் சல்லடையில் போட்டுப் பாருங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்ப்பதும், கம்பித் தூரிகையும், ஆசிடும் கல்லைக் கெடுக்கும். தண்ணீரும் தென்னநார்த் தூரிகையும் போதும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தானே எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டிலிருந்து வெயிலைத் திருப்பி அடித்தால், இல்லை என்று நினைத்த வரி தெரியும்.

குறியிட்டு முடித்ததும் கற்களின் மேல் பழைய டயர்களையும் வைக்கோல் திணித்த சாக்குகளையும் அடுக்குங்கள். பஞ்சர் கடைகளில் டயர் சும்மா கொடுக்கிறார்கள்.

கிளைகள்

மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழ் உள்ளதையெல்லாம் அரிவாளும் கை ரம்பமும் பார்த்துக்கொள்ளும். வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி வாருங்கள். வெட்டியதை உடனே அப்புறப்படுத்துங்கள். காலடியில் தழை கிடந்தால் செயின்சாக்காரர் இடறுவார். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். இழுக்கும் கிளையின் கவடு நடுகல்லைப் பிடுங்கிவிடும்.

வில்லாக வளைந்து தரையில் மாட்டியிருக்கும் கிளையைத் தொடவே வேண்டாம். வெட்டினால் அது நிமிரும் வேகத்தில் தாடை உடையும். அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள். கல்லிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும் மரத்தைச் செயின்சாவால் அறுப்பதில்லை என்பது எங்கள் விதி. அந்த முழம் எவ்வளவு நேரமானாலும் கை ரம்பத்துக்குத்தான்.

அடிமரம்

கரும்பை வளைத்துப் பாருங்கள். வெளிவளைவு இழுபடும், உள்வளைவு அமுங்கும். கிடக்கும் மரமும் இதே நிலையில்தான் இருக்கிறது, பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் இழுபடுகிறது, எந்தப் பக்கம் அமுங்குகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அறுக்கக் கூடாது.

இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே முழுக்க அறுத்தால் பாதியில் வெட்டு மூடிக்கொண்டு மெஷினைக் கவ்விவிடும். ஆகவே மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் நீண்டிருந்தால் நேரெதிர்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இந்த வரிசை தவறினால் மரம் நீளவாக்கில் பிளந்து முகத்துக்கு வரும்.

அறுப்பவர் பக்கத்தில் நிற்கும் துணையாளுக்கு ஒரே வேலைதான்: வெட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது. இரண்டாவது, மூன்றாவது முறை வருபவர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்கிறோம். வெட்டின் வாய் ஆணிப் பருமன் குறுகினாலும் விரிந்தாலும் கண்ணில் பட வேண்டும். குறுகினால் ஆப்பு வைக்க வேண்டிய நேரம். விரிந்தால் துண்டு இறங்கப்போகிறது. மரத்துக்குள்ளிருந்து சடசடவென்று நார் அறும் சத்தம் கேட்டால் ஒரு முறை விசில் அடியுங்கள், எல்லோரும் பின்வாங்குவார்கள். ஆப்பு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ இருக்க வேண்டும். இரும்பில் சங்கிலி பட்டால் பல் தெறிக்கும்.

துணையாள் தவிர மற்றவர்கள் ஐந்து மீட்டருக்கு அப்பால். சத்தத்தில் பேச்சு கேட்காது. இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக ஆட்டினால் நிறுத்து என்று பொருள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. பச்சை மரம் ஏறக்குறையத் தண்ணீரின் எடைக்கு வரும். அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு 200 கிலோவை ஒட்டி இருக்கும். அது அரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் காரைச் சமாதி தாங்காது. அதனால் சமாதி வரிசைக்கு மேலே கிடக்கும் பகுதியை ஒரு அடிக்கும் குறைவான வட்டங்களாக அறுக்கிறோம். ஒவ்வொன்றும் 60 கிலோவுக்குள் இருக்கும், இருவர் தூக்கலாம். அறுப்பதற்கு முன் அடியில் வெட்டுக் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டால் துண்டு விழாது, அதே இடத்தில் உட்காரும். நேரம் மூன்று மடங்கு ஆகும். ஆகட்டும்.

அடிமரத்தில் ஆணி இருக்கிறதா என்று பார்ப்பதும் புதியவர்கள் செய்யக்கூடியது. பேய் பிடித்தவரின் உச்சிமுடியை முடிந்து ஆணியடித்த புளியமரங்கள் மயானங்களில் நிறைய. பத்து, இருபது ஆண்டுகளில் பட்டை வளர்ந்து ஆணியை விழுங்கிவிடும். வெளியே ஒரு சிறு தழும்பும் கரும்புள்ளியும் மட்டும் தெரியும். ஒரு காந்தத்தைப் பட்டைமேல் நகர்த்திக்கொண்டே போங்கள், கையில் ஒரு சிறு இழுப்பு தெரியும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

பெயர்ந்த தூர்

எங்கள் வேலையில் மிக ஆபத்தானது வேரோடு பெயர்ந்து, மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு சுவர்போல் நிற்கும் தூர்தான். மரத்தின் எடைதான் அதைச் சாய்த்துப் பிடித்திருக்கிறது. அடிமரத்தை அறுத்த நொடியில் தூர் பழைய குழிக்குள் திரும்பி உட்கார்ந்துவிடலாம். நான் அதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அறுத்து முடித்ததும் இரண்டு ஆள் உயரத் தூர் ஒரு மூச்சு விடும் நேரத்தில் நிமிர்ந்து குழியை மூடியது. ஐந்து நிமிடம் முன்பு அந்தக் குழிக்குள் இறங்கி ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது குழியின் ஓரத்தில் கயிறு கட்டி, அதற்கென்றே ஒருவரை நிறுத்துகிறோம். யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது, தூரின் பின்னால் நிற்கவும் கூடாது. தூரை ஒட்டி அறுக்காமல் ஆறேழு அடி நீளம் விட்டுத்தான் அறுக்கிறோம்.

மயானத்தில் பெயர்ந்த தூர் எலும்பையும் சேர்த்துத் தூக்கியிருக்கும். வேர்களுக்கிடையே ஒரு கை எலும்போ, வளையல் துண்டோ, மண்டை ஓடோ தெரிந்தால் பதற வேண்டாம், போட்டோவும் எடுக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, வெள்ளைத் துணியால் மூடுங்கள். மயானப் பணியாளரும் அந்தக் குடும்பத்துப் பெரியவரும் வந்து என்ன செய்வது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதே இடத்தில், அவர்கள் முறைப்படி, மீண்டும் புதைப்பார்கள். நாம் தள்ளி நின்று, அவர்கள் கேட்டால் மட்டும் மண்வெட்டி கொடுப்போம். எந்தக் குடும்பத்துக்கும் தெரியாத எலும்பு என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

நம் பகுதியில் இன்னொன்றும் நேரலாம். நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் அங்கே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. தாழியின் விளிம்போ, கறுப்புச் சிவப்புப் பானை ஓடுகளோ, வட்டமாக அடுக்கிய கற்களோ தூரின் கீழ் தெரிந்தால் ஒன்றையும் எடுக்காமல் வட்டாட்சியருக்குத் தெரிவித்துவிடுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் சொல்கிறது.

செயின்சா கைக்கு வரும்போது

நான்காவது முறை வந்து, உங்கள் கையில் மெஷின் கொடுக்கப்படும் நாளில் இவை பழக்கமாகியிருக்க வேண்டும். தலைக்கவசம், முக வலை, காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். செயின்சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது போன பிறகு திரும்பாது. தொடைக்கு வெட்டுத் தடுப்புக் கால்சட்டை வேண்டும். சங்கிலி பட்டதும் அதன் உள்ளிருக்கும் நார்கள் வெளிவந்து பல்சக்கரத்தில் சிக்கி மெஷினை நிறுத்திவிடும். வெயிலில் அது புழுங்கத்தான் செய்யும். அதற்காகக் கழற்றிவைத்தவர்களை நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பு 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். சூடான மெஷினில் எரிபொருள் ஊற்ற வேண்டாம், ஐந்து நிமிடம் ஆறட்டும். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளிவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மயானத்தில் காய்ந்த புல்லோடு அகல் விளக்கும் கற்பூரமும் எரிந்துகொண்டிருக்கலாம். ஊற்றும் முன் சுற்றிலும் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்துத்தான். சங்கிலி சுழலாமல் பிடித்துவைக்கும் செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலதுகால் நுனியை வைத்து அழுத்தி, இடதுகையால் முன்கைப்பிடியைப் பிடித்து, வலதுகையால் கயிற்றை இழுக்க வேண்டும். தொங்கவிட்டு இழுப்பதைப் பலர் செய்கிறார்கள். அது எங்களிடம் கிடையாது. இடதுகைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி மடங்கியிருக்க வேண்டும். பார் எனப்படும் தகட்டின் மூக்கில் மேல்பாதி எதிலாவது முட்டினால் மெஷின் கண் சிமிட்டும் நேரத்தில் தலையை நோக்கி உதைக்கும். அந்த உதையைத் தாங்கப்போவது மடங்கிய கட்டைவிரலும் செயின் பிரேக்கும்தான். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. வெட்டின் நேர்கோட்டில் உங்கள் தலையும் கழுத்தும் இருக்கக் கூடாது; சற்று இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள்.

சங்கிலி கூராக இருக்கிறதா என்பதைக் கீழே விழுவது சொல்லும். சீவல் சீவலாக விழுந்தால் சரி. மாவு மாவாக விழுந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவர்தான் சறுக்குவார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட வேண்டும், இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக ஓடும். மண் ஒட்டிய பட்டையைத் தூரிகையால் தட்டிவிட்டு அறுத்தால் கூர் இருமடங்கு நேரம் நிற்கும். பனை அறுத்தால் நார் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், அடிக்கடி திறந்து எடுக்க வேண்டும்.

பாதி விழுந்து பக்கத்து மரத்தில் மாட்டித் தொங்கும் மரத்தை நாங்கள் அறுப்பதில்லை. சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, அதற்கென்றே கிரேன் வைத்து வேலை செய்பவர்களிடம் விட்டுவிடுகிறோம்.

வண்டி ஒன்று வெளியே போகும் திசையில் முகம் திருப்பி, சாவியோடு நிற்கும். பாம்புக்கடி மருந்துள்ள அரசு மருத்துவமனை எது என்று வேலை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லப்படும். 108-க்கு மயானத்தின் வழியை எப்படிச் சொல்வது என்றும் பேசிவைத்துக்கொள்வோம். மயானங்களுக்குக் கதவு எண் கிடையாது.

சாவு வந்தால்

வேலை நடுவே பறைச் சத்தமோ சங்கோ கேட்டால் உடனே எல்லா மெஷின்களும் நிற்க வேண்டும். பாதி வெட்டில் இருந்தாலும் பிரேக் போட்டு அணைத்துவிட்டு, கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்து ஓரமாக நில்லுங்கள். வழியில் தழை கிடந்தால் ஓடிப்போய் எடுங்கள். குழி மூடி, அவர்கள் திரும்பிப் போய், மயானப் பணியாளர் தலையசைக்கும்வரை மெஷின் ஓடக் கூடாது. ஒரு நாள் முழுக்க இப்படிப் போனதும் உண்டு. அன்றைக்குக் கல் துடைத்தோம்.

விறகு

விறகு எங்கே போகும் என்பதை முதலிலேயே பேசி முடிக்காவிட்டால் சண்டை வரும். புறம்போக்கு மரம் ஏலத்துக்கு உரியது. அடுக்கிவைத்து, அளந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்குகிறோம். தன்னார்வலர் யாரும் ஒரு கட்டையும் எடுத்துப் போவதில்லை, புளியங்கட்டை இறைச்சிக் கடைக்கு எவ்வளவு விலைபோனாலும் சரி. மயானத்து விறகை வீட்டு அடுப்பில் வைக்காத குடும்பங்கள் உண்டு. சில ஊர்களில் ஏலம் போகாத சிறு விறகை எரிமேடைக்கே கொடுத்துவிடுகிறார்கள். சீமைக்கருவேல முள்ளை மட்டும் அங்கேயே விட்டுவரக் கூடாது, வெறுங்காலோடு வரும் மக்களின் பாதை அது.

கடைசி ஒரு மணி நேரம் நோட்டுக்கு. அன்று கண்டெடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண், வேலி மூலையிலிருந்து எத்தனை அடி என்ற அளவு, படிக்க முடிந்த பெயர். படிக்க முடியாதவற்றுக்குக் கல்லின் நிறமும் அருகிலுள்ள மரமும். ஊர்ப் பெரியவர் சொன்னது இருந்தால் அதையும் அவர் சொன்னபடியே எழுதிவிடுங்கள். நோட்டை மயானப் பணியாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறோம். போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் தன் அப்பிச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், சமாதியைத் தேடி வந்தாராம். பணியாளரின் மகள் நோட்டைப் புரட்டி, 31-ஆம் எண், வேம்பின் தென்புறம் என்று காட்டியிருக்கிறாள்.